வீட்டில் இருப்பவர்கள்

வீட்டில் இருக்கும் நாட்களில் விரும்பிப் படிக்கும் நாவல்கள் என்று ஒரு பட்டியல் எழுதித் தரச் சொன்னார் நண்பர். ஐந்து பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து வரி. சுலபமான காரியம் என்றுதான் உட்கார்ந்தேன். பூமணியின் 'பிறகு', ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்', டி. செல்வராஜின் 'தோல்', பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி இரா. முருகவேள் தமிழுக்குக் கொண்டுவந்த 'எரியும் பனிக்காடு', அசோகமித்திரனின் 'தண்ணீர்'. பெயர்களை எழுதி முடித்ததும் பேனா நின்றுவிட்டது. கரிசல் பூமியில் செருப்புத் தைத்துப் பிழைக்கும் ஒருவன், தூத்துக்குடி உப்பளத்துக் கூலிகள், திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளிகள், ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்தில் செத்து விழுந்தவர்கள், தண்ணீர் வராத தெருவில் இரண்டு சகோதரிகள். இவற்றை நான் 'விரும்பி' 'வீட்டில்' படிக்கிறேன். இந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இதுவரை யோசித்தே பார்க்காத ஒன்றைச் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

பிறத்தியார் துன்பத்தைச் சாய்வு நாற்காலியில் கிடந்து படிப்பதில் ஒரு ருசி இருக்கிறது. இல்லை என்று சொல்கிற வாசகனை நான் நம்பமாட்டேன். இந்த ருசியின் தார்மீகம் என்ன என்பது புதிய கேள்வியல்ல. 1758இல் ரூஸோ, தலாம்பேருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் நாடகக் கொட்டகையைப் பற்றி இதையே கேட்டார். கற்பனை மனிதர்களுக்காகக் கொட்டகையில் அழுதுவிட்டு வெளியே வருகிறவன், மனிதாபிமானத்துக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தியாகிவிட்டது என்ற திருப்தியோடு வருகிறான். நிஜமான துன்பம் எதிர்ப்பட்டால் அதற்குக் கொடுக்க அவனிடம் எதுவும் மிச்சமில்லை. கொட்டகைக்குப் போகவாவது ஒருவன் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். நாவலுக்கு அதுகூட வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டால் போதும்.

தமிழில் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. வெவ்வேறு வயதில் இரண்டையும் நான் சொல்லியிருக்கிறேன். ஒன்று, இத்தகைய நாவல்கள் பிரக்ஞையை எழுப்புகின்றன, படித்தவன் மாறுகிறான், மாறியவன் உலகை மாற்றுகிறான் என்பது. மற்றது, கலைக்குப் பயன் தேடுவதே அபத்தம், நாவல் தருவது அனுபவம், அனுபவத்துக்கு அப்பால் அதனிடம் எதையும் கேட்கக்கூடாது என்பது. இந்த இரண்டு கட்சிகளும் பத்திரிகைகளில் எவ்வளவு மையைச் செலவழித்தன என்பது இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்குத் தெரியும். நான் இருக்கும் ஊரை வைத்துப் பார்த்தால் இரண்டுமே தேறவில்லை.

முதல் பதிலை எடுத்துக்கொள்வோம். நான் இருப்பது ஆம்பூரில். ராணிப்பேட்டையிலிருந்து மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியும் அதன் கிளைகளை ஒட்டியும் தோல் பதனிடும் ஊர்கள். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் இங்கிருந்து கப்பலேறியது. எழுபதுகளின் தொடக்கத்தில், சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசு குறைத்து, முழுதாய்ப் பதனிட்ட தோலையும் செருப்பையும் ஷூவையும் ஊக்குவித்தது. பட்டையின் இடத்தில் குரோமியம் வந்தது. அதன் பிறகு நடந்ததற்கு நீதிமன்ற ஆவணமே இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்கிறது. அசுத்தம் செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக ஊன்றப்பட்டது இந்தப் பாலாற்று மணலிலிருந்துதான். அதே ஆற்றின் அதே வியாதிக்காக 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

உபயோகம்தான் அளவுகோல் என்றால், 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு என் பட்டியலில் உள்ள ஐந்து நாவல்களையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மனு எழுத வேண்டிய இடத்தில் மனு எழுதப்பட்டது. அதை எழுதியவர்கள் நாவலாசிரியர்கள் அல்ல. நாவலை ஒரு நீண்ட மனுவாக வைத்துப் பார்க்கிறவர், அது சுமாரான மனு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

இரண்டாவது பதிலின் கோளாறு வேறு மாதிரியானது. அது 'அனுபவம்' என்கிறது. அந்த அனுபவம் எங்கே உட்கார்ந்து பெறப்படுகிறது என்பதைச் சொல்வதில்லை. எங்கே என்றால், வீட்டில். வேலைக்குப் போகாத, அல்லது வேலை முடிந்த, யாரும் கூப்பிடாத ஒரு மத்தியானத்தில். 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தொட்டு இன்று வரை தமிழ் நாவல் இந்த மத்தியானத்தை நம்பித்தான் எழுதப்பட்டு வந்திருக்கிறது. அது இயற்கையாகக் கிடைப்பது, காற்று மாதிரி, என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

'வீட்டில் இருப்பது' என்றால் என்ன என்பதை எங்கள் ஊர்த் தெருவில் பார்க்க வேண்டும். ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் வேலை இங்கே தொழிற்சாலைக்குள் மட்டும் நடப்பதில்லை. வெட்டித் துளையிட்ட தோல் துண்டுகள் மூட்டையாக வீடுகளுக்கு வருகின்றன. கொண்டுவருகிறவர் ஒரு ஏஜெண்ட். தைத்து முடித்த மூட்டையை அவரே எடுத்துப்போகிறார். தைப்பவர்கள் அநேகமாகப் பெண்கள். கூலி ஜோடிக் கணக்கு. ஒரு ஜோடியின் கூலி ஒரு டீக்கும் வடைக்கும் சரியாக இருக்கும். கடைசியில் அந்த ஷூ ஐரோப்பாவில் ஏதோ ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும். ஊசி பிடிக்கிற விரல், மெழுகு நூலை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை, குனிந்தே இருக்கும் கழுத்து இவையெல்லாம் எந்தத் தொழிற்சாலைப் பதிவேட்டிலும் இல்லை. அவளைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்டால், "சும்மா வூட்லதான் கீது" என்பார். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. பாலாற்றுத் தீர்ப்பு வந்த அதே வருடம். இந்தியா அதை ஏற்று ஒப்பமிடவில்லை.

வீடு இன்னொரு விதமாகவும் காணாமல் போவதுண்டு. 2015 ஜனவரி 31 அன்று அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. அடுத்திருந்த தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வேலை செய்த இடத்திலேயே படுத்தவர்கள். ஆம்பூரில் வேலை வீட்டுக்குள் வந்துவிட்டது. அவர்களுக்கோ வீடு வேலைக்குள் போய்விட்டது. இரண்டு இடத்திலும் நாவல் படிக்கும் மத்தியானம் இல்லை.

என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர். பக்கத்து வீட்டுப் பெண் தைப்பவள். நூலை இழுக்கும்போது ஒரு சத்தம் வரும், துணியைக் கிழிப்பது போல, அதைவிட மெல்லியதாக. அந்தச் சத்தத்தில்தான் பல வருஷங்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஓய்வூதியக்காரனின் மத்தியானத்துக்கு அது ஒரு பின்னணி, அவ்வளவுதான். 'தோல்' 2010இல் வந்தது. 2012இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. சுண்ணாம்புக் குழிகளில் இறங்கி நின்ற திண்டுக்கல் மனிதர்களுக்காக மனம் கசிந்து நான் அதைப் படித்த நாட்களிலும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். கேட்டதாக எனக்கு நினைவில்லை. ரூஸோ சொன்னது எனக்கே பலித்திருக்கிறது என்பதை வெகுநாள் கழித்துத்தான் உணர்ந்தேன்.

சத்தம் நின்றபோதுதான் காது விழித்தது. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. எல்லோரும் வீட்டில் இருங்கள் என்றார்கள். படித்தவர்கள் மத்தியில் அப்போது நாவல் பட்டியல்கள் பறந்தன. கப்பல் போகவில்லை, ஆர்டர் இல்லை, மூட்டை வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கைகளைச் சும்மா இருக்கும்போது அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

ஏப்ரலில் ஒரு நாள் கேட்டாள்: "இன்னா சார், எப்பப் பாத்தாலும் பொஸ்தகம்? அதுல இன்னாதான் கீது?"

கதை என்றேன்.

"அப்பன்னா கொஞ்சம் சத்தமாத்தான் படிங்களேன். நானும் கேக்கறேன்."

நான் மிகுந்த யோசனையோடு 'பிறகு' நாவலை எடுத்தேன். தோல் வேலை செய்பவளுக்குத் தோல் வேலை செய்பவனின் கதை. தன் வாழ்க்கையை எழுத்தில் பார்த்து அவள் அடையப்போகும் விழிப்பை நான் முன்கூட்டியே ரசித்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் மரியாதைக்குக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நல்லாத்தான் எழுதிகீறாரு சார். ஆனா இது எங்க வூட்டுக் கதெ மாதிரிகீது. இத நானே சொல்வேன். எனக்குத் தெரியாத வூட்டுக் கதெயாப் பாத்துப் படிங்க."

இந்தப் பதிலுக்கு என்னிடம் இருந்த இரண்டு கட்சிகளிலும் இடம் இல்லை. 'பிறகு' தமிழின் பெரிய நாவல்களில் ஒன்று என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. பிசகு நாவலில் இல்லை, நான் அதைத் தேர்ந்தெடுத்த முறையில் இருந்தது. நான் படிக்கும்போது மட்டும் தூரத்து மனிதர்களை, என்னைப் போல இல்லாதவர்களைத் தேடிப் போகிறேன். அந்தத் தூரம்தான் நாவல் தரும் சுதந்திரம் என்று எழுதியும் இருக்கிறேன். அவளுக்கு என்று வரும்போது அவளையே எடுத்து நீட்டுகிறேன். வாசகன் என்ற பதவி சுவருக்கு இந்தப் பக்கம். நாவலின் விஷயம் என்ற பதவி அந்தப் பக்கம். இந்தப் பங்கீட்டைச் செய்தது யார்?

'தண்ணீர்' எடுத்தேன். 1973இல் புத்தகமாக வந்த சின்ன நாவல். தண்ணீர்ப் பஞ்சத்தில் சென்னையின் ஒரு தெரு, ஜமுனா, சாயா. எங்கள் ஊரில் பாலாறு வருஷத்தின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. பல கிணறுகளின் நீர் வாயில் வைக்க முடியாது. குடிக்கும் நீர் காவிரியிலிருந்து குழாயில் வர வேண்டும், அல்லது கேனில் விலைக்கு வர வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் குடத்தோடு அலைந்து வளர்ந்தவள், குழாயடியில் நிற்கும் சென்னைப் பெண்களைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மெட்ராஸ்லயுமா? ஐயோ பாவம்."

அந்தப் 'பாவம்' என்னைக் கொஞ்ச நேரம் மேலே படிக்கவிடவில்லை. அவளைப் பார்த்து நான் படவேண்டியது என்று நான் வைத்திருந்த உணர்ச்சியை, அவள் வேறு யாருக்கோ, இல்லாத ஒரு ஜமுனாவுக்கு, தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பரிதாபப்படுவது ஒரு செல்வம். அது தன்னிடம் மட்டும் இருப்பதாகவும் மற்றவர்கள் அதைப் பெறப் பிறந்தவர்கள் என்றும் நினைப்பவனுடைய பரிதாபம்தான் அசிங்கமானது. ரூஸோ கொட்டகையில் அழுபவனைப் பார்த்தார். அழுவதற்கு டிக்கெட் கிடைக்காதவனைப் பற்றி அந்த வாதத்தில் அவர் யோசிக்கவில்லை.

இதை என்னுடைய கண்டுபிடிப்பு என்று சொல்லவரவில்லை. ஸிமோன் வெய் 1934–35இல் பாரிஸ் பக்கத்துத் தொழிற்சாலைகளில் யந்திரத்தடியில் நின்று வேலை செய்தவர். 1936இல் ரொசியேர் வார்ப்பாலையின் தொழிற்சாலைப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதினார். எதைப் பற்றி? வார்ப்பாலையைப் பற்றி அல்ல, ஸோபோக்ளிஸின் ஆண்டிகனியைப் பற்றி. கியூபாவில் 1865இல் ஹவானா சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் தொடங்கியது. தொழிலாளிகள் சுருட்டிக்கொண்டிருக்க ஒருவர் உயரமான இடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். அவருக்குச் சம்பளம் முதலாளி கொடுப்பதில்லை, தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். கேட்டது ஹ்யூகோவையும் டூமாவையும். மாண்டி கிறிஸ்டோ என்ற சுருட்டின் பெயரே டூமாவின் நாவலிலிருந்து வந்தது. பக்கத்துக் கேரளத்தில் கண்ணூர் தினேஷ் பீடி கூட்டுறவுக் கூடங்களிலும் பீடி சுற்றும் கைகளுக்கு நடுவே ஒருவர் பத்திரிகையும் நாவலும் படித்தார். அவருடைய பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தார்கள். தன் கதையைத் தானே கேட்க வேண்டும் என்று இவர்களை யாரும் நிர்ப்பந்திக்கவில்லை.

ஆனால் இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை மழுப்பக்கூடாது. காதுக்குக் கதை கொடுத்தால் கை சலிக்காமல் ஓடும். அது யாருக்கு லாபம்? கதை ஒரு மசகெண்ணெய்தானே என்று கேட்கலாம். கியூபாவின் காலனி அரசு அடுத்த வருடமே, 1866இல், அந்த வாசிப்பைத் தடை செய்தது. வெறும் மசகெண்ணெயை எந்த அரசும் தடை செய்வதில்லை. இது ஒரு பதில், முழுப் பதில் அல்ல. முழுப் பதில் எங்கள் தெருவில் நடந்ததில் இருக்கிறது. அது சந்தோஷமானதல்ல.

சில வாரங்களில் மூட்டை வரத் தொடங்கியது. முதலில் கொஞ்சமாக. அவள் தைத்தாள், நான் படித்தேன். நூல் இழுபடும் சத்தத்துக்கு நடுவே எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குப் பழகிவிட்டது. பிறகு தேங்கிக் கிடந்த ஆர்டர்கள் மொத்தமாக வந்தன. ஜோடிக்குப் பழைய கூலிதான். கெடு மட்டும் புதிது. ஒரு நாள், "கொஞ்ச நாளைக்கு வோணாம் சார். கதெ கேட்டா எண்ணிக்கெ தப்புது" என்றாள். புத்தகம் முடிய முப்பது நாற்பது பக்கம் இருந்தது. "மீதிய நீங்க படிச்சி வெச்சிக்கினு அப்பால சொல்லுங்க" என்றாள்.

அவளுக்கு நேரம் இருந்தபோது கூலி இல்லை; கூலி வந்தபோது நேரம் இல்லை. எனக்கு இரண்டும் ஒரே சமயத்தில் மாதாமாதம் முதல் தேதி வந்துகொண்டிருந்தன. எங்களுக்கிடையே இருந்த சுவர் இதுதான். ஒற்றைக்கல் சுவருக்குக் காது உண்டு. இதற்கு இல்லை.

ஆகவே முதலில் எழுப்பிய கேள்விக்கு என்னால் இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. வீட்டில் உட்கார்ந்து பிறர் துன்பத்தைப் படிப்பது பாபமல்ல. அந்த ருசிக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருப்பதும் இன்னொரு சௌகரியமே. வெட்கமும் கண்ணீரைப் போல வீட்டுக்குள்ளேயே செலவாகிவிடும். நாவல் நம்மிடம் கேட்பது பரிதாபம் என்று நினைத்துத்தான் இரண்டு கட்சிகளும் சண்டையிட்டன. அது கேட்பது பரிதாபத்தைவிட நியாயமான ஒன்று என்று இப்போது நினைக்கிறேன். நான் இதைப் படிக்கிற மத்தியானம் இதில் வருகிறவருக்கும் உண்டா? இல்லையென்றால், என்னுடையது யாருடைய கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது? அந்த மத்தியானத்தைக் கண்ணீரால் திருப்பிக் கொடுக்க முடியாது. ஜோடிக் கூலி உயர்ந்தால், வீட்டில் தைப்பவளும் தொழிலாளி என்று ஒரு பதிவேடு ஒப்புக்கொண்டால், நாளின் கடைசி இரண்டு மணி நேரம் தைக்காமலே அடுப்பெரியும் என்றால், அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் நாவல்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. தூங்கலாம், சண்டை போடலாம், வாசற்படியில் சும்மா உட்காரலாம். அதை முடிவு செய்வது அவள்.

இதனால் நாவலின் மதிப்பு குறைந்துவிடவில்லை. தனக்குத் தெரியாத வீட்டுக் கதையைக் கேட்க ஆசைப்படும் மனம் எல்லோரிடமும் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது ஒரு நாவல்தான். எந்தத் தீர்ப்பிலும், எந்த உடன்படிக்கையிலும் அதற்கு ஒரு ஷரத்து கிடையாது.

நண்பருக்குப் பட்டியல் அனுப்பவில்லை, இதை அனுப்புகிறேன். 'தண்ணீர்' நாவலின் கடைசிப் பக்கங்கள் எனக்கு முன்பே தெரியும். அவளுக்கு அதைச் சுருக்கிச் சொல்வதாக இல்லை. போன வாரம்கூட, "அந்த ஜமுனா இன்னா ஆச்சு சார்?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். உட்காரும்போது படிக்கிறேன் என்றேன். நூலை இழுக்கும் சத்தம் கேட்டது.